75-க்கும் 125-க்கும் நடுவில்

2019 மார்ச்சில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறேன். தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச் 4.1 என்று இருக்கும். பக்கத்திலேயே அந்த லேப் போட்டிருக்கும் எல்லை: 0.35 முதல் 4.94 வரை. மருத்துவர் அந்த எண்ணுக்கு ஒரு டிக் போட்டு, "நார்மல் ஆயிடுச்சு. இதே மாத்திரையைத் தொடருங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். "டாக்டர், எனக்கு இன்னும் முடியலையே" என்றேன். "வயசு, வேலை, டென்ஷன். எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

முடியவில்லை என்றால் என்ன முடியவில்லை என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். திருச்சியில், ஏப்ரல் மாதத்தில், ராத்திரி மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பேன். பக்கத்தில் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பார். நான்காவது பீரியடுக்குள் குரல் கட்டிவிடும். மலம் கழித்து நாலு நாள் ஆகியிருக்கும். சீப்பில் வருகிற முடியைப் பார்க்கவே பயமாக இருக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றத்தின் நிரூபணத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடமாகப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் எழுதுகிற நிரூபணம். பாதியில் அடுத்த வரி வரவில்லை. பிள்ளைகள் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். நான் கணக்கு டீச்சர். அது போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

அந்த ரிப்போர்ட்டுக்கு நான்கு மாதம் முன்னால், 2018 நவம்பரில், என் டி.எஸ்.எச் 46 இருந்தது. அப்போது எனக்கு வயது 39. தைராய்டுக்கு எதிராக உடம்பே உருவாக்கும் ஆன்டி-டி.பி.ஓ எதிர்ப்பொருளும் மிக அதிகமாக இருந்ததால் இது ஹாஷிமோட்டோ என்றார்கள். ஜப்பானைச் சேர்ந்த ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய நோய் இது. உடம்பின் காவல்படை தன் சுரப்பியையே எதிரி என்று நினைத்து மெல்ல மெல்ல அழிக்கிறது. நம் ஊரில் "எனக்கு தைராய்டு இருக்கு" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது இதுதான். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில் பெரியவர்களில் கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரிந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் மட்டும் ஐந்து பேர் இந்த மாத்திரை சாப்பிடுகிறோம்.

குறைந்துபோன தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்ஸின் மாத்திரையை எனக்கு முதலில் 50 மைக்ரோகிராம் கொடுத்தார்கள், பிறகு 75. எண் 46-இலிருந்து 4.1-க்கு இறங்கியது. உண்மையாகவே நான் தேறியிருந்தேன். முகவீக்கம் வடிந்தது, படி ஏற முடிந்தது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டேன். ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை வந்து சேர்ந்தாகிவிட்டது.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் குழப்பம் முழுக்க அங்கேதான் இருந்தது. டி.எஸ்.எச் என்பது தைராய்டு ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி கட்டளையைக் கூட்டும், அதிகமானால் குறைக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று அல்ல. ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச் ஏறத்தாழ நூறு மடங்கு ஏறும். இது மடக்கைக் கணக்கு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடக்கையை நடத்திவிட்டு வந்து என் ரிப்போர்ட்டில் அதே உறவு இருப்பதை அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. 4.1-க்கும் 2-க்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பதுபோல் தெரிகிறது. போட்டுப் பார்த்தால் டி4-இல் அது பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் வருகிறது. டி.எஸ்.எச் இவ்வளவு துல்லியமான அளவுகோலாக இருப்பதற்கு அதுதான் காரணம். ரிப்போர்ட்டில் பெரிதாக ஏறி இறங்குவது உடம்பில் அதே அளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்து நாம் ஏமாறுவதற்கும் அதுதான் காரணம்.

அப்புறம் அந்த எல்லை. 0.35 முதல் 4.94 என்பது ஊரில் உள்ள ஆரோக்கியமானவர்கள் எல்லாரையும் சேர்த்து அளந்து போட்ட வேலி. ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு சின்ன இடம் இருக்கிறது. டென்மார்க்கில் 16 ஆரோக்கியமான ஆண்களின் ரத்தத்தை ஒரு வருடம் மாதாமாதம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-இல் அந்த ஆய்வு வந்தது. ஒரு தனி மனிதரின் ஏற்ற இறக்கம், எல்லாருக்குமான எல்லையில் ஏறக்குறைய பாதி அகலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதாவது ஒருவருக்கு 1.2 சொந்த இடம், இன்னொருவருக்கு 3. நோய் வருவதற்கு முன் என் இடம் எது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. ஆகவே 4.1 என்பது எனக்குச் சரியா இல்லையா என்று கேட்பதில் நியாயம் இருந்தது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் தவறாகப் போனது.

கொரோனா வந்து இரண்டு வருடம் ஆன்லைன் வகுப்பில் கழிந்தது. உட்கார்ந்தே பாடம் எடுத்ததால் எப்படியோ சமாளித்தேன். 2022 ஜூனில் பள்ளி முழுதாகத் தொடங்கி, ஒரு நாளைக்கு ஆறு பீரியடு நிற்க வேண்டி வந்ததும் பழைய கதை திரும்பியது. அதற்குள் நான் நிறையப் படித்திருந்தேன். வேறொரு மருத்துவரிடம் போய், "எனக்கு டி.எஸ்.எச் ஒண்ணுக்குக் கீழ இருந்தாத்தான் சரியாகும், டோஸ் ஏத்துங்க" என்று நானே கேட்டேன். அவர் 100 ஆக்கினார். மூன்றே வாரத்தில் போய் நின்று இன்னும் முடியவில்லை என்றேன். 125 ஆனது.

அந்த மூன்று வாரம் என்பதில்தான் முதல் தப்பு. லெவோதைராக்ஸின் மாத்திரையின் அரை ஆயுட்காலம், அதாவது உடம்பில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய ஏழு நாள். டோஸை மாற்றினால் முதல் வாரத்தில் புதிய நிலையை நோக்கிப் பாதி தூரம் போவோம். இரண்டாம் வாரம் 75 சதவீதம், மூன்றாம் வாரம் 87.5, நான்காம் வாரம் 94-க்குப் பக்கம், ஆறாவது வாரம் 98-ஐத் தாண்டும். பெருக்குத் தொடர். டி.எஸ்.எச் அதற்கும் பின்னால்தான் நிதானமாக வந்து நிற்கும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். 100 எனக்கு என்ன செய்யும் என்று தெரிவதற்கு முன்பே நான் 125-க்குத் தாவிவிட்டேன்.

125-இல் முதல் சில வாரங்கள் சொர்க்கம்தான், மறைக்க மாட்டேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து பெரிய கோலம் போட்டேன். பரணைச் சுத்தம் செய்தேன். மூன்று கிலோ இறங்கியது. இத்தனை வருடம் நான் சொன்னது சரி, மருத்துவர்கள்தான் கேட்கவில்லை என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். ஆகஸ்ட் பாதியில் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது. படுத்திருக்கும்போதே நாலு மாடி ஏறியதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும். கரும்பலகையில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் கை நடுங்கி வட்டம் கோணும். ஒரு நாள் வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பையனை எதற்கு அவ்வளவு கத்தினேன் என்று எனக்கே தெரியாமல் கத்தினேன். அவன் முகம் சுருங்கிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பரில் டி.எஸ்.எச் 0.09. தைராய்டு ஹார்மோன் தேவைக்கு மேல் போனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு கரையும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் வேகமாக. களைப்பு போக வேண்டும் என்று நான் கேட்டு வாங்கிய டோஸ் என்னை அந்த வழியில் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பயந்துதான் மூன்றாவதாக ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போனேன். அவரிடம் போனதிலிருந்து என் கதை மாறியது.

அவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"வெறும் வயித்துலதான் டாக்டர். காலையில எழுந்ததும்."

"காபி எத்தனை மணிக்கு?"

யோசித்தேன். பல் துலக்கியதும் மாத்திரை. அடுப்படிக்குள் போனால் அத்தை டபராவில் காபியை ஆற்றித் தயாராக வைத்திருப்பார். ஐந்து நிமிடம் இருக்கலாம். சில நாள் தண்ணீர் சொம்பைத் தேட வேண்டாம் என்று அந்தக் காபியோடேயே மாத்திரையை விழுங்கியிருக்கிறேன். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "வீட்டுல உங்களுக்குன்னு இருக்கற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நாளைக்குக் கொண்டு வாங்க. சத்து மாத்திரை, முடிக்கு, வயித்துக்கு, எதுவா இருந்தாலும்" என்றார்.

மறுநாள் துணிப்பையில் கொண்டுபோனதை அவர் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முட்டி வலிக்கு என்று காலைச் சாப்பாட்டோடு போடும் கால்சியம். நெஞ்செரிச்சலுக்கு விடிகாலையில் போடும் பான்டோபிரசோல். தைராய்டு மாத்திரை, இது, இரண்டையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்து ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன், இரண்டுமே வெறும் வயிற்றுக்குத்தானே என்று. முடி கொட்டுகிறதே என்று அக்கா வாங்கிக் கொடுத்த பயோட்டின், 10 மில்லிகிராம். நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்ட இரும்புச் சத்து மாத்திரை. இவற்றை எல்லாம் மாத்திரை என்றே நான் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். லெவோதைராக்ஸின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது, அதுவும் முழுதாக அல்ல. காபி அதைக் குறைக்கும். கால்சியமும் இரும்பும் குடலுக்குள்ளேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அதனால் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருந்தால் இது சரியாகக் கரையாது. இதில் பான்டோபிரசோலுக்கு மட்டும் நேரத்தைத் தள்ளிப் போட்டுத் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அது நாள் முழுக்க அமிலத்தைக் குறைத்தே வைத்திருக்கும். அதை உண்மையிலேயே தேவையா என்று பார்த்து நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அதோடு சேர்த்தே டோஸைக் கணக்கிட வேண்டும். எனக்கு அதை மூன்று வருடம் முன்னால் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் ஓடிக்கொண்டிருந்தது.

பயோட்டின் விஷயம் இன்னும் விசித்திரமானது. அது உடம்பில் தைராய்டை ஒன்றும் செய்யாது, டெஸ்டைத்தான் ஏமாற்றும். பல லேப்களின் இயந்திரங்கள் ஹார்மோனை அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பகுதி. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச் உண்மையைவிடக் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டக்கூடும். தைராய்டு சரியில்லாததால் முடி கொட்டுகிறது. முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுகிறோம். அதனால் தைராய்டு டெஸ்ட் தப்பாக வருகிறது. எத்தனை பெண்கள் இந்தச் சுற்றில் இருக்கிறார்களோ என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். எனக்கு மூன்று நாள் நிறுத்தி மறுபடி ரத்தம் எடுத்தார்கள்: 0.14. ஆக, எண் கொஞ்சம் மாறியதே தவிர, டோஸ் அதிகம் என்பது உண்மைதான்.

அவர் செய்தது இதுதான். டோஸைப் பழைய 75-க்கே இறக்கினார். ஆனால் சாப்பிடும் முறையை மாற்றினார். ஐந்து மணிக்கு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. காபி ஆறு மணிக்கு. கால்சியம் ராத்திரி. பான்டோபிரசோல் நிறுத்தம். பயோட்டின் நிறுத்தம். "எட்டு வாரத்துக்கு நான் எதையும் மாத்த மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது" என்றார். மாத்திரை பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன்; பின்பக்கச் சூடு ஏறும் இடம். அதையும் கேட்டு, வெயில், சூடு, ஈரம் படாத அலமாரிக்கு மாற்றச் சொன்னார். பிராண்டையும் மருந்துக்கடையில் இருப்பதைக் கொடுப்பதுபோல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், மாற்றினால் சொல்லுங்கள், டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார். இதெல்லாம் இவ்வளவு சின்ன விஷயங்கள். நாலு வருடத்தில் ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் இடத்தில் காபியைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

முதல் மூன்று வாரம் கொடுமை. 125-இலிருந்து இறங்கியவளுக்கு 75 பாதாளம்போல் இருந்தது. அத்தைதான் என்னைத் தாங்கினார். ஐந்து மணிக்கு நான் மாத்திரை போட்டதும் காபி வாசனையே வரக்கூடாது என்று ஆறு மணி வரைக்கும் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றாமல் இருந்தார். எழுந்ததும் காபி போடுவது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

எட்டு வாரத்தில் டி.எஸ்.எச் 2.6. முன்பு 4.1 காட்டிய அதே 75 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம்கூட ஏற்றவில்லை, உள்ளே போனது மட்டும் கூடியிருக்கிறது. அதன் பிறகுதான் அவர் 88-க்கு ஏற்றினார். 75-க்கும் 100-க்கும் நடுவில் 88 என்று ஒரு மாத்திரை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. 2023 மார்ச்சில் 1.5. சுரப்பி முழுக்கச் செயலிழந்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்று ஒரு கணக்கு உண்டு. 62 கிலோவுக்கு 99 வரும். என் சுரப்பி இன்னும் கொஞ்சம் வேலை செய்கிறது போலிருக்கிறது.

மின்விசிறி மறுபடி ஓடியது. வயிறு சரியானது. குரல் ஆறாவது பீரியடு வரை தாங்கியது. நிரூபணங்கள் திரும்பி வந்தன. ஆனால் களைப்பு? அது போகவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. அப்போதும் என் முதல் எண்ணம் 100-க்குப் போகலாமா என்பதுதான். அவரிடம் கேட்டேன். அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு மாதவிடாய் எத்தனை நாள் என்று கேட்டார். ஒன்பது நாள் என்றேன், தைராய்டுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை. ஹீமோகுளோபின் 10.2. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி.

தைராய்டு குறைந்தாலும் உதிரப்போக்கு அதிகமாகும், அதனால் இரும்பு குறையும். இரும்பு குறைந்தால் களைப்பு, முடி கொட்டுதல், குளிர், மூச்சு வாங்குதல், மறதி. பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதனுடையது என்று பிரிக்கவே முடியாது. வைட்டமின் பி12 குறைவும், மாதவிடாய் நிற்கப்போகும் வயதும், தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும், மனச்சோர்வும் இதே உடையில்தான் வரும். நான் நாலு வருடம் எல்லாவற்றுக்கும் தைராய்டு என்று ஒரே பெயர் வைத்திருந்தேன். முதல் மருத்துவர் எல்லாவற்றுக்கும் டென்ஷன் என்று பெயர் வைத்தார். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம். எனக்கு முடியவில்லை என்பது உண்மை. அது முழுக்க டோஸின் குறை என்பது உண்மையில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்க எனக்கு நாலு வருடம் ஆனது.

இரும்பு மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொண்டேன், தைராய்டு மாத்திரையிலிருந்து முடிந்தவரை தூரமாக. கால்சியத்தை அந்தச் சமயத்தில் நிறுத்தியே விட்டோம். ஃபெரிட்டின் 50-ஐத் தொட எட்டு மாதம் ஆனது. ஃபைப்ராய்டுக்குத் தனியாக சிகிச்சை நடந்தது.

நடுவில் டி3 மேல் எனக்கு ஆசை வந்ததையும் சொல்ல வேண்டும். நாம் விழுங்குவது டி4. அது ரத்தத்தில் சுற்றும் சேமிப்பு வடிவம். திசுக்களில் ஒரு அயோடின் அணுவை இழந்து டி3 ஆனால்தான் வேலை செய்யும். சிலருக்கு இந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை, டி3-யையும் சேர்த்துக் கொடுத்தால் களைப்பு போய்விடும் என்று படித்தேன். இதன் வரலாறு என்னை உள்ளே இழுத்தது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானது. அவருக்கு எந்த டி.எஸ்.எச்சும் பார்க்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாத காலம். முகத்தையும் பேச்சையும் பார்த்துத்தான் அளவு வைத்திருக்க வேண்டும். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். டி3-யை 1952-இல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டுபிடித்தார்கள். சுரப்பியே இல்லாதவர்களின் உடம்பிலும் டி4-இலிருந்து டி3 உருவாகிறது என்று 1970-இல் தெரிந்தபிறகுதான் டி4 மட்டும் போதும் என்ற இன்றைய வழக்கம் உறுதியானது. டி.எஸ்.எச்சை அளக்க வழி வந்ததும் அதுவரை 200, 300 மைக்ரோகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அது அதிகம் என்று தெரிந்தது.

1999-இல் 33 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் டி3 சேர்த்தபோது மனநிலையும் யோசிக்கும் திறனும் மேம்பட்டதாக வந்தது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. பிறகு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் சில நோயாளிகள் கலவையையே விரும்பினார்கள். டி.எஸ்.எச் சரியாக இருந்தும் தொந்தரவு தீராதவர்கள் ஒரு சிறு பகுதியினர் இருக்கிறார்கள் என்பதை மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு, நிபுணரின் கண்காணிப்பில், சில மாதம் முயன்று பார்க்கலாம் என்பதே பொதுவான நிலைப்பாடு. டி3-யின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய ஒரு நாள்தான், ரத்தத்தில் சட்டென்று ஏறி இறங்கும். படபடப்பைப் பார்த்துவிட்ட எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இரும்பு ஏறிய பிறகு தேவையும் இல்லாமல் போனது. எல்லாவற்றையும் பார்த்தும் தீராதவர்கள் கேட்டால் அவர்களைக் கிறுக்கர்கள்போல் நடத்தக் கூடாது என்று மட்டும் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னோர் ஆய்வு என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. 2018-இல் வந்தது. லெவோதைராக்ஸின் சாப்பிடும் 138 பேரின் டோஸை, யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாதபடி, சிலருக்குக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் ஆறு மாதம் பார்த்தார்கள். வாழ்க்கைத் தரத்திலோ மனநிலையிலோ ஞாபகத்திலோ சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. எந்த டோஸ் கூடியது என்று அவர்களால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. ஆனால் எது அதிகம் என்று அவர்கள் நினைத்தார்களோ அதையே விரும்பினார்கள். இதைப் படித்தபோது என் ஆகஸ்ட் மாதக் கோலங்கள் ஞாபகம் வந்தன. அந்த உற்சாகத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு "கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டார்கள்" என்ற நிம்மதி என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. 0.09 என்பது நிஜமான மிகை, நெஞ்சு அடித்ததும் நிஜம். ஆனால் 4.1-க்கும் 1.5-க்கும் நடுவில் நான் உணர்ந்த மாற்றத்தில் ஒரு பங்கு, என்னை உட்காரவைத்துக் கேட்ட அந்த நாற்பது நிமிடத்துக்கும் சேரும் என்று நம்புகிறேன். அதைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. அதுவும் சிகிச்சைதான்.

அம்மாவுக்கும் இதே நோய். 74 வயது. காலையில் பிரஷர், சர்க்கரை, அல்சர் என்று ஏழு மாத்திரைகள்; தைராய்டுக்குத் தனி நேரம் ஒதுக்க முடியவில்லை. 2010-இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் ராத்திரி படுக்கும்போது சாப்பிட்டவர்களுக்கு டி.எஸ்.எச் நன்றாகவே இறங்கியது. அம்மாவின் மருத்துவரிடம் கேட்டு, ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு மாத்திரை என்று மாற்றினோம். அவருடைய டி.எஸ்.எச் இப்போது 5.2. எனக்கென்றால் டோஸ் ஏற்றக் கேட்டிருப்பேன். "இந்த வயசுக்கு இது கொஞ்சம் கூட இருக்கலாம்மா, இறக்கப் போனா இதயத்துக்குத்தான் கஷ்டம்" என்று மருத்துவர் அப்படியே விட்டுவிட்டார். அம்மா தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறார்.

நான் ஒரு பழைய கோடு போடாத நோட்டில் எழுதி வருகிறேன். தேதி, டோஸ், பிராண்ட், டி.எஸ்.எச், எடை, மாதவிடாய் நாள்கள், தூங்கிய நேரம். ஆறாவது பீரியடில் குரல் எப்படி இருந்தது என்றும் ஒரு பத்தி. டோஸ் மாற்றிய தேதியைச் சிவப்பில் எழுதி, அதிலிருந்து எட்டு வாரம் எண்ணி ஒரு கட்டம் போடுவேன். அந்தக் கட்டம் வரும்வரை எதையும் முடிவு செய்வதில்லை. போன மாதம் மூன்று நாள் களைப்பாக இருந்தது. நோட்டைப் புரட்டினால் விடைத்தாள் திருத்தி ஒரு வாரமாக ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்று இருந்தது.

அடுத்த டெஸ்ட் நவம்பர் முதல் புதன்கிழமை. அதே லேப், காலை ஆறரை மணி, அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு. அத்தையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்குக் காபி ஏழரைக்கு என்று.